புகார் சொல்லாத நாய்

"ரொம்ப சாது" என்ற வார்த்தைகளின் மேல் எனக்கு வெகு நாளாக ஒரு சந்தேகம் உண்டு. பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள், "பெண் ரொம்ப சாது" என்கிறார்கள். வேலைக்கு ஆள் அமர்த்தியவர், "ஆள் ரொம்ப சாது" என்கிறார். அந்தப் பெண்ணோ அந்த ஆளோ மனத்தில் என்ன வைத்திருக்கிறார்கள் என்பதை அந்த வார்த்தை நமக்குச் சொல்வதில்லை. இவர்களால் நமக்குத் தொந்தரவு இராது என்பதை மட்டுந்தான் சொல்கிறது. இதே வார்த்தையை ஒரு நாயைப் பற்றி, அதுவும் லண்டனில், ஓர் ஆங்கிலேய மூதாட்டியின் வாயிலிருந்து கேட்டேன். அன்றைக்கு என் சந்தேகம் கோபமாக மாறிற்று. அந்தக் கோபத்தைத்தான் இங்கே எழுதப் போகிறேன். நாய் வளர்க்கும் அன்பர்கள் மன்னிக்க வேண்டும். மன்னிக்காவிட்டாலும் பாதகமில்லை, கடைசிவரை படித்தால் போதும்.

என் தங்கை லண்டன் புறநகர் ஒன்றில் குடியிருக்கிறாள். சென்ற ஆண்டு ஆறு வாரம் அவள் வீட்டில் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டில் எண்பதை நெருங்கும் ஓர் அம்மாள் தனியாக இருந்தாள். தனியாக என்று சொல்வது பிசகு. கூட டோபி இருந்தது. டோபி கிங் சார்லஸ் ஸ்பானியல் என்ற ஜாதி நாய். நன்றாகக் கொழுத்த பூனையின் அளவு. வெள்ளை உடம்பில் செம்பட்டைத் திட்டுகள். சீவி முடிக்காத கூந்தல்போல் இரண்டு காதுகள் தொங்கும். கண்கள் பெரியவை, கரியவை. எப்போதும் ஏதோ துக்கச் செய்தி கேட்ட மாதிரி ததும்பி நிற்பவை. மூக்கு என்று தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு கண்களுக்கு நடுவில் ஒரு கறுப்புப் பொத்தானை வைத்து அழுத்தினாற்போல் இருக்கும்.

"உலகத்திலேயே அபூர்வமான ஜாதிகளில் இது ஒன்று, தெரியுமா?" என்றாள் அந்த அம்மாள், வேலிக்கு அப்பாலிருந்து. "ரொம்ப சாது. ஒரு நாள்கூட எதைப் பற்றியும் புகார் சொன்னதில்லை."

அந்தச் சமயத்தில் டோபி தோட்டத்துப் படி இரண்டை ஏறிவிட்டு, மூன்றாவது படியை யோசித்துக்கொண்டிருந்தது. அதன் மூச்சு, தச்சன் ரம்பம் இழுப்பதுபோல் எங்கள் பக்கம் கேட்டது. பிறகு அது பின்னங்காலைத் தூக்கிக் கழுத்துப் பக்கமாகச் சொறிந்தது. விசேஷம் என்னவென்றால், கால் கழுத்தைத் தொடவே இல்லை. வெறும் காற்றைச் சொறிந்தது.

"பிடில் வாசிக்கிறான் பாருங்கள்!" என்றாள் அந்த அம்மாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த நாயின் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். எதிர்க்கட்சியின் சாட்சியத்தை ஒளித்துவைத்து வழக்காடுவது எனக்குப் பிடிக்காது. ஆறு வாரம் தினமும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அப்படி ஒரு நல்ல ஜீவனை நான் கண்டதில்லை. அது குரைத்து நான் கேட்டது இரண்டு மூன்று தடவைதான். புது மனிதரிடம் முதல் நாள் சற்று ஒதுங்கி நிற்கும். மூன்றாம் நாள் காலடியில் வந்து படுத்துக்கொள்ளும். ஒரே ஒருவரைத் தன் மனிதராக வரித்துக்கொண்டு, அவர் சமையலறைக்குப் போனால் சமையலறைக்கும், மாடிக்குப் போனால் மாடிப்படி வரைக்கும் தொடரும். நெடுந்தூரம் நடக்கச் சொல்லி நச்சரிக்காது. தனியே விட்டுப் போவதை மட்டும் அதனால் தாங்க முடியாது. இத்தனைக்கும் இதன் பாட்டன் பூட்டன் எல்லாம் பறவை வேட்டைக்குப் போன வம்சம். ஒரு நாள் புல்தரையில் புறா ஒன்று வந்து இறங்கியது. டோபியின் உடம்பு முழுவதும் விறைத்து நீண்டது. கண்ணில் துக்கம் போய் வேறொன்று வந்தது. பாய்ந்தது. நாலு கஜம் ஓடியதும் மூச்சு முட்டி நின்றுவிட்டது. புறா பறக்கக்கூட இல்லை. நடந்தே விலகிப் போயிற்று.

இந்தச் சுபாவம் இன்று நேற்று வந்ததல்ல. எலிஸபெத் மகாராணி காலத்து வைத்தியர் ஜான் கேயஸ் என்பவர் 1570-ல் ஆங்கில நாட்டு நாய்களைப் பற்றி லத்தீன் மொழியில் ஒரு புத்தகம் எழுதினார். சீமாட்டிகள் மடியில் வைத்துக் கொஞ்சும் குட்டி ஸ்பானியலும் அதில் வருகிறது. ஆறுதல் தருவது என்ற பொருளில் அதற்கு அப்போது ஒரு பெயரே இருந்தது. வயிற்று நோய்க்காரர்கள் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் நோய் நாய்க்குப் போய்விடும் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். இந்த விவரத்தை வாசகர்கள் மறந்துவிடக்கூடாது. மனிதனுடைய நோயை வாங்கிக்கொள்வது இந்த நாயின் உத்தியோகம் என்று நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே தீர்மானமாகிவிட்டது.

1587-ல் ஸ்காட்லாந்து ராணி மேரியின் தலையை வெட்டினார்கள். எல்லாம் முடிந்த பிறகு அவளுடைய பாவாடை மடிப்புக்குள்ளிருந்து ஒரு குட்டி நாய் வெளிவந்தது. உடலை விட்டு அகல மறுத்தது. அது இன்ன ஜாதி என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. ஸ்பானியல் பிரியர்கள் எங்களுடையதுதான் என்று உரிமை கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். ஆனால் ஒன்று: அந்த நாயின் கழுத்தில் வம்சாவளிப் பத்திரம் எதுவும் தொங்கவில்லை. நாய்களின் வம்சத்தைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் இங்கிலாந்தில் ஏற்பட்டது 1873-ல்.

1660-ல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் சார்லஸ் மன்னரின் பெயர்தான் இந்த ஜாதிக்கு நிலைத்திருக்கிறது. ஆலோசனைச் சபையில் மன்னர் காரியத்தைக் கவனியாமல் நாயோடு விளையாடிக்கொண்டிருந்ததாகச் சாமுவேல் பெப்பிஸ் 1667-ல் தம் நாட்குறிப்பில் சலித்துக்கொள்கிறார். விக்டோரியா மகாராணி 1838-ல் முடிசூட்டு விழா முடிந்து அரண்மனை திரும்பியதும், டேஷ் என்ற தம்முடைய ஸ்பானியலைக் குளிப்பாட்டப் போனார். கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு நாய்க்குச் சோப்புப் போட்ட அந்தப் பத்தொன்பது வயதுப் பெண்ணின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அன்பை நான் குற்றம் சொல்ல வரவில்லை. அன்பு என்ற பெயரில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்ல வந்தேன்.

வான் டைக் 1637-ல் முதலாம் சார்லஸ் மன்னரின் ஐந்து குழந்தைகளைச் சேர்த்து வரைந்த சித்திரம் ஒன்று உண்டு. நடுவே நிற்கும் ஏழு வயதுச் சிறுவன்தான் பின்னால் இரண்டாம் சார்லஸ் ஆனவன். அவன் கை ஒரு பெரிய காவல் நாயின் தலைமேல் இருக்கிறது. வலது ஓரத்தில், தரையில், ஒரு குட்டி ஸ்பானியல். அதன் முகத்தைப் பாருங்கள்: தட்டையான தலை, நீண்டு, மூச்சுவிட இடமுள்ள மூக்கு. அதைப் பார்த்துவிட்டு டோபியைப் பார்த்தால் இரண்டும் ஒரே வம்சம் என்று நம்புவது கடினம்.

மூக்கு எங்கே போயிற்று? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நாகரிகம் அதைத் தின்றுவிட்டது. சப்பை மூக்கும் உருண்டைத் தலையும் அழகு என்று பிரபுக்களும் சீமாட்டிகளும் ஒரு பருவத்தில் முடிவு செய்தார்கள். பக் நாயும், கீழ்த்திசையிலிருந்து வந்த சப்பை முக நாய்களும் இந்த வம்சத்தில் கலந்திருக்க வேண்டும் என்று அறிந்தவர்கள் கருதுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக மூக்குக் குட்டையானதையே பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தார்கள். பரிசு கொடுத்தார்கள். கடைசியில் மூக்கு போயிற்று. பெயர் மட்டும் நின்றது. 1903-ல் கென்னல் கிளப், நிறத்துக்கு ஒரு பெயராக நாலு பெயரில் இருந்த இந்த நாய்களை ஒரே ஜாதியாக்கி, "குட்டி ஸ்பானியல்" என்று பொதுப் பெயர் வைக்கப் பார்த்தது. பெரிய கலகம் எழுந்தது. ஏழாம் எட்வர்ட் மன்னரே, சார்லஸ் பெயர்தான் தமக்குப் பிடித்தம் என்று தெரிவித்த பிறகு அந்தப் பெயர் நிலைத்தது. மூக்கு போனபோது எழாத கலகம் பெயருக்காக எழுந்தது!

1920-களில் அமெரிக்காவிலிருந்து ரோஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற செல்வந்தர் இங்கிலாந்து வந்தார். பழைய சித்திரங்களில் இருக்கும் நீண்ட மூக்கு ஸ்பானியல் வேண்டும் என்று தேடினார், கிடைக்கவில்லை. 1926-ல், க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், சார்லஸ் மன்னர் காலத்து முகமுள்ள நாய்க்கு 25 பவுன் பரிசு என்று அறிவித்தார். அன்றைக்கு அது பெரிய தொகை. வளர்ப்பவர்கள் சிரித்தார்கள். தங்கள் கூடத்தில் தப்பிப் பிறந்த மூக்குள்ள குட்டிகளை அவர்கள் குறை என்று ஒதுக்கி வந்தவர்கள். ஆனாலும் பரிசுப் பணம் யாருக்குக் கசக்கும்? குறையான குட்டிகள் மேடைக்கு வந்தன. 1928-ல் அவற்றுக்காகத் தனிச் சங்கம் ஏற்பட்டது. அதே ஆண்டு எல்ட்ரிட்ஜ் காலமானார். 1945-ல் "கவாலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல்" என்று தனி ஜாதியாகப் பதிவாயிற்று.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் பேனாவை எடுத்திருக்கமாட்டேன். மூக்கை மீட்டவர்கள் பழைய பழக்கத்தை விடவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாய்களை ஆதாரமாக வைத்துக்கொண்டு, அவற்றின் சந்ததிகளையே மீண்டும் மீண்டும் தங்களுக்குள் சேர்த்தார்கள். கவாலியர் உலகமெங்கும் பரவியது. அதனோடு அதன் வியாதியும் பரவியது. இருதயத்தின் இடப்புற வால்வு தேய்ந்து ரத்தம் பின்னால் கசியும் நோய், ஐந்து வயதுக் கவாலியர்களில் ஏறத்தாழப் பாதிக்கு உண்டு. பத்து வயதைத் தொட்டவற்றில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் உண்டு. மற்றொன்று இதைவிடக் கொடியது. அழகான குட்டித் தலை வேண்டும் என்று மண்டையைச் சிறுத்துக்கொண்டே வந்தார்கள். மூளை அதற்கேற்பச் சிறுக்கச் சம்மதிக்கவில்லை. இடம் போதாத மூளை பின்புறத் துவாரத்தில் நெருக்குகிறது. தண்டுவடத்துக்குள் நீர்ப் பைகள் உண்டாகின்றன. கழுத்துப் பட்டை பட்டாலே நெருப்புப் பட்டதுபோல் இருக்கும். அந்த வேதனையில் நாய் காலைத் தூக்கிச் சொறியும். தொடாமல், காற்றில் சொறியும். அபூர்வ ஜாதியான கிங் சார்லஸ் ஸ்பானியலுக்கும் இந்த நோய் உண்டு.

என் தங்கை மகள் கால்நடை வைத்தியம் படிக்கிறாள். அன்று சாயங்காலம், டோபி பிடில் வாசித்த கதையை அவளிடம் ரசித்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"மாமா, அது விளையாட்டு இல்லை. அது வலியாக இருக்கும்" என்றாள்.

அதற்கப்புறம்தான் மேலே எழுதிய விஷயங்களை எல்லாம் தேடிப் படித்தேன். நாற்பத்தைந்து வயதுக்காரன், மனித சுபாவத்தை எழுதுகிறவன் என்று பெயர் வாங்கியவன், ஒரு ஜீவன் வலியில் துடித்ததைப் பார்த்து வேலியோரமாக நின்று சிரித்திருக்கிறேன். ஆகையால் நான் உயர்ந்த பீடத்திலிருந்து பேசவில்லை. குற்றவாளிக் கூண்டில் நானும் நிற்கிறேன்.

இனி எதிர்த் தரப்பின் வாதங்கள். "நாங்கள் இல்லாவிட்டால் இந்த அபூர்வ ஜாதியே அழிந்திருக்கும்" என்று வளர்ப்பவர்கள் சொல்கிறார்கள். ஆண்டுக்கு 300 குட்டிகளுக்குக் குறைவாகப் பதிவாகும் உள்நாட்டு ஜாதிகளைக் கென்னல் கிளப் ஒரு தனிப் பட்டியலில் வைத்திருக்கிறது; கிங் சார்லஸ் ஸ்பானியல் அதில் ஒன்று. வாஸ்தவம். ஆனால் அபூர்வம் என்பது எண்ணிக்கை, குணமல்ல. வைரம் குறைவாக இருப்பதால் வைரத்துக்கு நோவு கிடையாது. உயிர்ப் பிராணி குறைந்தால், சேர்வதற்கு வெளி ரத்தம் இல்லாமல் ஒரே குடும்பத்துக்குள் சேர வேண்டும். ஒரே கோளாறு இரண்டு பக்கமும் வந்து குட்டியில் இரட்டிக்கும். சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களை அறிந்த நமக்கு இதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நாயின் கஷ்டத்துக்கு எது காரணமோ அதையே அதன் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். நாயின் இனத்துக்கும் மனிதரின் பாகுபாட்டுக்கும் "ஜாதி" என்ற ஒரே சொல்லைத் தமிழில் புழங்குகிறோமே, அது சரியாகத்தான் இருக்கிறது. இரண்டிலும் ரத்தச் சுத்தம் பேசுகிறவர் ஒருவர்; அதற்கு விலை கொடுப்பவர் வேறொருவர்.

"வேறு ஜாதியோடு கலந்தால் இந்த அருமையான சுபாவம் போய்விடும்" என்பது அடுத்த வாதம். பத்திரமும் பதிவும் இல்லாத காலத்தில் ராணியின் பாவாடைக்குள் ஒளிந்திருந்த நாய்க்கு அந்தச் சுபாவம் எங்கிருந்து வந்தது? மூக்கைக் குறுக்கியபோது கலப்புக்கு அஞ்சாதவர்கள், மூச்சைத் திருப்பிக் கொடுப்பதற்கு மட்டும் ஏன் அஞ்சுகிறார்கள்?

"நல்ல வளர்ப்பாளர்கள் இருதயத்தைச் சோதிக்கிறார்கள், தலையைப் படம் பிடிக்கிறார்கள்" என்பது மூன்றாவது. அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் சோதித்துச் சோதித்து நோயுள்ளவற்றை எல்லாம் ஒதுக்கினால், சின்னக் கூட்டத்தில் மிஞ்சுவது எத்தனை? மிஞ்சிய சிலவற்றையே மறுபடி தங்களுக்குள் சேர்த்தால் பழைய கதைதான். கதவைத் திறக்காமல் அறைக்குள்ளேயே காற்றைச் சுத்தம் செய்யப் பார்க்கிறார்கள்.

இது ஏதோ ஓர் எழுத்தாளனின் ஆவேசம் என்று தள்ளிவிட வேண்டாம். 2008-ல் பி.பி.சி. ஒரு படம் ஒளிபரப்பியது. தண்டுவட நோய் இருப்பது தெரிந்த பரிசுக் கவாலியரைக் கொண்டு குட்டி போட வைத்த கதையை அது ஊரறியக் காட்டியது. அடுத்த ஆண்டு க்ரஃப்ட்ஸ் கண்காட்சியை ஒளிபரப்ப பி.பி.சி. மறுத்துவிட்டது. தாய்-மகன், தகப்பன்-மகள், உடன்பிறந்தவை சேர்ந்து பெற்ற குட்டிகளைப் பதிவு செய்வதைக் கென்னல் கிளப் 2009-ல்தான் நிறுத்தியது. அதுவரை பதிவு செய்து வந்தது என்பதைக் கவனியுங்கள். நார்வே நாட்டில் பிராணிகள் பாதுகாப்புச் சங்கம் வழக்குத் தொடர்ந்தது. கவாலியரைத் தனி ஜாதியாகவே பெருக்குவது பிராணி நலச் சட்டத்துக்கு விரோதம் என்று ஆஸ்லோ நீதிமன்றம் 2022 ஜனவரியில் தீர்ப்பளித்தது. கவாலியர் விஷயத்தில் மேல் நீதிமன்றமும் அதை ஒப்பியது. 2023-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆரோக்கியமான வேறு நாயோடு கலந்து விருத்தி செய்ய அங்கே தடையில்லை. ஜாதியைவிட ஜீவன் பெரிது என்று ஒரு தேசம் சட்டப்படி சொல்லிவிட்டது.

கடைசி வாதம்தான் எல்லாவற்றிலும் பலமானது; எல்லாவற்றிலும் மோசமானதும் அதுதான். "அது சந்தோஷமாகத்தானே இருக்கிறது! வாலை ஆட்டுகிறது, மடியில் ஏறுகிறது, முகத்தை நக்குகிறது." ஆம். அதுதான் அதன் சுபாவம். இருதயம் கசிந்தாலும் வால் ஆடும். தலை வலித்தாலும் நம் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து வரும். நம்மிடம் அது வைத்திருக்கும் பிரியத்தையே அதன் ஆரோக்கியத்துக்கு நற்சாட்சிப் பத்திரமாக நாம் நீட்டுகிறோம். கடித்துக் குதறும் நாயாக இருந்தால் இத்தனை தலைமுறை இதைச் செய்திருக்க முடியுமா? அதன் நல்ல குணம் நமக்கு அளித்த தைரியம் இது. புகார் சொல்லாதவர்கள் விஷயத்தில் நாம் நடந்துகொள்ளும் முறை, நாயோடு நிற்பதும் இல்லை.

ஊர் திரும்புவதற்கு முதல் நாள், தங்கை மகளும் நானும் அடுத்த வீட்டுக்குத் தேநீருக்குப் போனோம். அவள் மெதுவாக, மரியாதையாக, அந்தச் சொறிதலைப் பற்றிப் பேச்செடுத்தாள். கழுத்துப் பட்டையை எடுத்துவிட்டு மார்போடு மாட்டும் வாரைப் போடலாம், டாக்டரிடம் காட்டலாம் என்றாள். அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. டோபியின் காதை நீவிக்கொண்டே வெகு நேரம் பேசாமல் இருந்தாள்.

"டாக்டர் போன மாதமே சொன்னார். மாத்திரை கொடுத்திருக்கிறார்" என்றாள். "ஆனால் வலி என்று நான் நம்பவில்லை. என்னிடம் இவன் ஒரு தடவைகூடக் காட்டிக்கொண்டதில்லையே?"

அவளே கழுத்துப் பட்டையைக் கழற்றினாள். பட்டை இருந்த இடத்தில் மயிர் தேய்ந்து வெளுத்திருந்தது. டோபி அவள் கையை நக்கியது. பிறகு, முறை வைத்தாற்போல், என் கையையும் நக்கியது.

அபூர்வ ஜாதிக் குட்டி ஒன்றை யாராவது உங்களுக்கு விலை சொல்லக்கூடும். ரொம்ப சாது, மடியை விட்டு இறங்காது என்று புகழக்கூடும். அப்போது இரண்டு கேள்வி கேளுங்கள். இதன் தாயும் பாட்டியும் எத்தனை வயது இருந்தன? இருதயத்தையும் தலையையும் சோதித்த பத்திரம் எங்கே? பதில் வராவிட்டால் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். அந்தக் குட்டியின் கண்ணைப் பார்க்காமல் வருவது நல்லது. பார்த்தால் வாங்கிவிடுவீர்கள்; விற்கிறவருக்கு அது தெரியும்.